பள்ளி என்னும் சொல்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் நான் முதன்முதலாகச் சென்றது ஏழாம் வகுப்பில், பள்ளிச் சுற்றுலாவின்போது. வளைவுக்கு வளைவு குமட்டிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஏறிய நாங்கள், ஏரிக்கரையில் இறங்கியதும் குளிரில் ஒடுங்கி நின்றோம். சற்றுத் தொலைவில் கற்சுவர்களும் புல்வெளியும் கொண்ட வளாகம் ஒன்று தெரிந்தது. “அது என்ன ஐயா, அரண்மனையா?” என்று ஒருவன் கேட்டான். “பள்ளிக்கூடம்” என்றார் எங்கள் தமிழாசிரியர். நாங்கள் நம்பவில்லை. ஓட்டுக்கூரையும் வேப்பமரத்தடியுமே எங்களுக்குப் பள்ளிக்கூடம். ஒரே சொல் இரண்டையும் எவ்வாறு தாங்கும்?

அந்த வளாகத்தின் வரலாற்றைப் பின்னாளில் அறிந்தேன். மதுரையின் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் 1845ஆம் ஆண்டில் கொடைக்கானலில் வீடுகள் கட்டிக் குடியேறினர். தம் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பாமல் அருகிலேயே வைத்துப் படிப்பிக்க, 1901இல் ‘ஹைக்ளர்க்’ என்னும் பெயரில் அவர்கள் தொடங்கிய உறைவிடப் பள்ளியே இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக விளங்குகிறது. பிள்ளையைப் பிரிய மனமில்லாத பெற்றோரின் கவலையிலிருந்து பிறந்த பள்ளி அது. எங்கள் ஊரார் மலைமேல் இருந்த எல்லாப் பெரிய பள்ளிகளையும் ‘கான்வென்ட்’ என்ற ஒரே சொல்லால் குறித்தனர். கான்வென்ட் என்பது துறவியர் வாழும் இல்லம். கன்னியர் மடங்களை ஒட்டிப் பெண்களுக்கான பள்ளிகள் எழுந்தமையால் மடத்தின் பெயர் பள்ளிக்கு ஆகிவந்தது. இன்றோ மடமும் இல்லாமல் துறவியரும் இல்லாமல், கழுத்துப்பட்டை அணிந்த குழந்தைகள் ஆங்கிலப் பாட்டுப் பாடினாலே அது கான்வென்ட் ஆகிவிடுகிறது.

‘மெட்ரிகுலேஷன்’ என்பதும் இத்தகையதே. பெயர்ப்பதிவேட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. அவ்வாறாயின் வருகைப்பதிவேடு வைத்திருக்கும் பள்ளி எல்லாமே மெட்ரிகுலேஷன்தான்! ‘பப்ளிக் ஸ்கூல்’ இன்னும் வேடிக்கையானது. அமெரிக்காவில் அது கட்டணமில்லாத அரசுப் பள்ளி. இங்கிலாந்திலோ பெருங்கட்டணம் பெறும் தனியார் பள்ளி. எந்த ஊர்ப் பிள்ளையாயினும் பணம் செலுத்திச் சேரலாம் என்ற அளவில் அது ‘பொது’. நம் நாட்டார் பொதுவாக இங்கிலாந்தின் பொருளையே எடுத்துக்கொண்டனர்.

இவ்வாறு சொற்களைக் கேலிசெய்து மகிழ்ந்திருந்த என்னை ஒரு பெயர்ப்பலகை நிறுத்தியது. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், பழனிமலையின் கீழ்மலைப் பகுதியில் இருந்த ஓர் ‘அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி’க்கு நான் அனுப்பப்பட்டேன். காப்பித் தோட்டங்களுக்கும் மலைவாழைக்கும் நடுவே அமைந்த பள்ளி. பளியர், புலையர் குடிப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தனர். தனி விடுதி இல்லை. இரவு உணவு முடிந்ததும் பலகைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வகுப்பறையிலேயே பாய் விரிப்பர். காலையில் பாய்களைச் சுருட்டியபின் அதே தரையில் நான் இலக்கணம் நடத்துவேன். சில நாள்களில் தூக்கத்தின் சூடு தரையிலிருந்து இன்னும் நீங்கியிருக்காது.

அங்கே எட்டாம் வகுப்பில் நன்றாகப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். அவனைத் திண்டுக்கல்லில் நடந்த பேச்சுப்போட்டிக்கு அழைத்துச் சென்றேன். பெயர் பதிந்தவர், “எந்தப் பள்ளிக்கூடம் தம்பி?” என்றார். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு, “கொடைக்கானல் பள்ளிங்க” என்றான். எழுதுபவர் நிமிர்ந்து, “கான்வென்ட்டா?” என்றார். அவன் தலையசைத்தான். நான் அருகில்தான் நின்றேன்; திருத்தவில்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில், என் பள்ளியின் பெயரை நானும் இப்படி விழுங்கியிருக்கிறேன். அவன் மூன்றாம் பரிசு பெற்றான். சான்றிதழில் இல்லாத ஒரு பள்ளியின் பெயர் இருந்தது. திரும்பும் பேருந்தில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் மாணவர்களைப் பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலைக்கு அழைத்துச் சென்றேன். பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் பழைய சமணத் தலம் அது. வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் அங்குண்டு; அதில் உள்ள சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, பாண்டியர் காலக்கணிப்புக்கே துணையாக அமைந்தது. குகைத்தளத்தின் நிழலில் அமரவைத்து, பள்ளி என்னும் சொல்லை விளக்கினேன். பள்ளி என்றால் முதலில் படுக்கை. பள்ளியறை, பள்ளியெழுச்சி என்பவற்றில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. பிறகு தங்குமிடம். சமணத் துறவியர் படுத்துறங்கிய குகைகளும் பள்ளி எனப்பட்டன. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் அவர்தம் கற்படுக்கைகளை இன்றும் காணலாம். துறவியர் தங்கிய இடத்தில் பிள்ளைகள் கூடி எழுத்துக் கற்றமையால் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் வந்தது என்பர் அறிஞர்.

சிறிது நேரம் அமைதி. பேச்சுப்போட்டிக்கு வந்தவன்தான் முதலில் வாய் திறந்தான். “அப்படின்னா ஐயா, கொடைக்கானல்ல இருக்கிறது, பழனியில இருக்கிறது எல்லாத்தையும்விட நம்மளுதுதான் அசல் பள்ளி. நாமதான படிக்கிற இடத்துலயே படுக்கிறோம்!” எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால், தனி விடுதி கேட்டு நான் எழுதிய விண்ணப்பங்கள் அப்போது நினைவுக்கு வந்தன.

பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்னும் பெயர்களை எழுத நேர்ந்த பிள்ளைகளை அறிந்தவன் என்ற முறையில் நான் அதை வரவேற்கிறேன். அப்பள்ளிகள் தோன்றியதற்கான காரணங்கள் மறக்கப்படக் கூடாதவை என்போர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் அதை நினைவில் வைத்திருக்கும் சுமை பதின்மூன்று வயதுச் சிறுவனின் சட்டைப்பையில் இருக்க வேண்டியதில்லை. ‘உண்டு உறைவிட’ என்பதை மட்டும் விட்டுவைக்கலாம்.

அவ்வாண்டு இறுதியில் உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பம் வந்தது. பள்ளியின் பெயருக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தனர். அவன் முழுப்பெயரையும் பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினான். வரி முடிந்தும் பெயர் முடியவில்லை. எஞ்சியதை ஓரத்தில் செங்குத்தாக எழுதி, தாளைத் திருப்பி என்னிடம் நீட்டினான்.