நெடுந்தீவில் ஒரு துவிச்சக்கரவண்டிப் பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள், மக்கள் நிலையாகக் குடியிருக்கும் கடைசித் தீவு நெடுந்தீவு. அதற்கும் அப்பால் உள்ளது, ஆண்டுக்கொருமுறை மாசி, பங்குனி வாக்கில் இரு நாட்டுக் கரைகளிலிருந்தும் அடியார்கள் வந்து கூடும் புனித அந்தோனியாரின் கச்சதீவு. அதுவும் நிருவாக முறையில் நெடுந்தீவுப் பிரதேசத்துள் அடங்கியதே. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி இதனை டெல்ஃப்ட் என்றனர். பசுக்கள் மல்கியிருந்தமையாற் பசுத்தீவு என்னும் பழம்பெயரும் உண்டு. பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். மலையில்லை, ஆறில்லை, ஏறி இறங்க ஒரு மேடுமில்லை. துவிச்சக்கரவண்டியில் ஒரு பகற்பொழுதிற் சுற்றிப் பார்ப்பதற்கு இதனினும் ஏற்ற இடம் வடபுலத்தில் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

திருமணமாகி முப்பது ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, ஆவணி விடுமுறையில் இரண்டு இரவுகள் அங்கு தங்கி வந்தோம். உறவினர் பலரும், "போயும் போயும் நெடுந்தீவா?" என்று வியந்தனர். எங்களுக்கோ ஒரு காரணம் இருந்தது. எங்களுள் ஒருவரின் தந்தையார் 1960களில் அங்கே ஈராண்டு ஆசிரியப்பணி புரிந்தவர். அந்நாளில் நெடுந்தீவுக்கு மாற்றம் என்றாலே, அவர் என்ன குற்றம் செய்தார் என்றுதான் ஊரார் கேட்பார்களாம். "அங்கே பாலுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம்" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வார்த்தையின் பொருளை நேரிற் காணவேண்டும் என்ற ஆவல் எங்களுக்கு நெடுநாளாக உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடையவேண்டும். வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய அத்தீவின் வடபால் உள்ளது கரம்பன். தமிழாராய்ச்சியை உலகளாவச் செய்த தனிநாயகம் அடிகளார் 1913இற் பிறந்த ஊர் அது. அடிகளாரின் தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர் என்பதைப் பலர் அறியார். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகக் காற்று வீசும் காலமாதலாற் படகு நன்றாகவே ஆடியது. எங்களுள் ஒருவர் கண்ணை மூடிச் செபமாலை உருட்ட, மற்றவர் அலையை இரசித்தார். யார் எவர் என்பதை வாசகர் ஊகத்துக்கே விட்டுவிடுகின்றோம்.

மறுநாட் காலை, இறங்குதுறைக்கு அண்மையில் இரண்டு லுமாலா வண்டிகளை வாடகைக்கு எடுத்தோம். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர், "அண்ணை, வெயிலுக்கை உழக்கி ஏலாது, மூண்டு மணித்தியாலத்திலை எல்லாம் காட்டுறன்" என்று அன்போடு அழைத்தார். நன்றி கூறி விலகினோம். யாழ்ப்பாணத்தாருக்கும் துவிச்சக்கரவண்டிக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதன்று. 1990களிற் பொருளாதாரத் தடையால் எரிபொருள் கிடையாதிருந்த நாள்களில், நோயாளியை ஏற்றியதும் விறகு சுமந்ததும் இவ்வண்டிதான். மின்சாரமில்லாத வீடுகளில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் உதவியால் வானொலிச் செய்தி கேட்டோம். அந்நாள்களில் உழக்கிப் பழகிய கால்களுக்கு நெடுந்தீவு ஒரு தூரமா?

கோட்டையை முதலிற் பார்த்தோம். போர்த்துக்கேயர் காலத்தது என்றும், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் திருத்தி ஆண்டனர் என்றும் கூறுவர். முருகைக்கற் சுவர்கள் பாதி இடிந்தும் பாதி நிமிர்ந்தும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. ஒல்லாந்தரின் புறாக்கூடும், உள்ளே ஆள் புகுந்து நிற்கத் தக்க பொந்துடைய பெருக்கமரமும் பார்க்கத் தக்கவையே. ஆயினும் அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நாங்கள் மீண்டும் எழுதுவதாற் பயனில்லை. தந்தையார் கற்பித்த பள்ளிக்கூடம் விடுமுறையாதலாற் பூட்டியிருந்தது. படலைக்கு வெளியே சற்றுநேரம் நின்றுவிட்டு அப்பாற் சென்றோம்.

எங்கள் மனத்தைக் கவர்ந்தவை கல்வேலிகள். யாழ்ப்பாணத்தில் வளவுக்கு வளவு கிடுகுவேலியும் பனையோலை வேலியும் கண்டு பழகிய எங்களுக்கு, நெடுந்தீவின் ஒழுங்கைகள் வேறொரு நாட்டினவாகத் தோன்றின. நிலத்திற் கிடக்கும் முருகைக்கற்களைப் பொறுக்கி, சாந்தோ சுண்ணாம்போ இன்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியவை அவை. கல்லைப் பொறுக்கினால் நிலம் பயிருக்கு ஆகும். அடுக்கினால் மாடு உட்புகாது. ஒரே வேலையில் இரு பயன். கற்களிடையே உள்ள துவாரங்களின் வழியாகக் காற்று ஊடுருவிச் செல்வதால், எத்துணைப் பெருங்காற்றடித்தாலும் அவை எளிதிற் சரிவதில்லை. ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேலியோடு காதை வைத்துக் கேட்டோம். காற்று உள்ளே நுழைந்து மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. ஆனால் பல வளவுகளில் வேலி மட்டுமே இருந்தது. வீடு கூரையிழந்து, முற்றத்தில் நாயுருவியும் எருக்கும் மண்டிக் கிடந்தன. போருக்கு அஞ்சிப் போனோரும், பிழைப்புத் தேடிப் போனோரும், பிள்ளைகளின் படிப்புக்காகப் போனோரும் விட்டுச் சென்ற வளவுகள் அவை.

தெற்கு நோக்கித் திரும்பியதும் சோளகம் முகத்தில் அறைந்தது. ஒரு கிலோமீற்றர் கடக்க நான்கு கிலோமீற்றர்ப் பாடு. ஒருவர் முன்னே சென்று காற்றை மறைக்க, மற்றவர் பின்னே ஒட்டிச் செல்வது என்றும், சிறிது தூரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வது என்றும் ஏற்பாடு செய்துகொண்டோம். மணமான புதிதில் இப்படி ஓர் ஒழுங்கு எங்களிடம் இருந்ததாக நினைவில்லை.

வெட்டவெளியிற் குதிரைகளைக் கண்டோம். மட்டக்குதிரைகள், பெரும்பாலும் கபில நிறம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்தவை என்பர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கில அரசின் அதிகாரியும் இங்கு குதிரை வளர்ப்பை நடத்தினார். ஆள்வோர் போயினர், குதிரைகள் கட்டவிழ்ந்து காட்டுக் குதிரைகளாயின. அவற்றைத் தீவுக்கு வெளியே கொண்டு செல்லத் தடையுண்டு. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அறிவித்தலாற் புல் முளைக்குமா? கடும் வறட்சி ஆண்டுகளில் இக்குதிரைகள் நீரின்றி மடிந்ததுண்டு. நாங்கள் கண்ட கூட்டத்தில் விலாவெலும்பு தெரியாத குதிரை ஒன்றுமில்லை. சுற்றுலாப் படங்களிற் பிடரிமயிர் பறக்க ஓடும் அவற்றை ஆவணியில் வந்து பார்க்கவேண்டும்.

நீரின் கதையை இங்கே கூறியாகவேண்டும். தீவின் அடித்தளம் சுண்ணக்கல். பஞ்சுபோலத் துளைகள் நிறைந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அதனுள் இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரைவிடப் பாரங்குறைந்தது என்பதே இதன் சூட்சுமம். கிணற்றில் அளவோடு அள்ளினால் ஆண்டு முழுவதும் குடிக்கலாம். இயந்திரம் வைத்து இறைத்தாலோ, மழை பிந்தினாலோ, கீழுள்ள உவர் மேலேறிவிடும். பின் அடுத்த மாரி வரை காத்திருக்கவேண்டியதுதான். உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரங்கள் அண்மைக் காலத்தில் வந்துள்ளன. எனினும் வீட்டுக் குடத்துக்கு அந்நீர் வந்து சேர்வது வேறு காரியம்.

நண்பகலில் எங்கள் போத்தல்கள் வெறுமையாயின. கல்வேலிக்குள் ஒரு சிறு வீடும், கப்பி பூட்டிய கிணறும், மூன்று மாடுகளும் தென்பட்டன. எழுபதைக் கடந்த ஓர் ஆச்சி திண்ணையில் இருந்தார். கிணற்றில் அள்ளிக் குடிக்கலாமா என்று கேட்டோம்.

"அது வேண்டாம் பிள்ளை. ஆவணி பிறந்தால் அதை வாயிலை வைக்கேலாது" என்றவர், உள்ளே சென்று குடத்திலிருந்து ஒரு செம்பு நீர் கொண்டுவந்தார். வாசலோரம் வெற்றுக் கலன்கள் இரண்டு நின்றதைக் கண்ட எங்களுள் ஒருவர், பாதி குடித்துவிட்டுப் போதும் என்று நீட்டினார்.

"அரைச் செம்போடை ஆருக்குத் தாகம் தீர்ந்தது? குடியுங்கோ தம்பி. நாளைக்குத் தண்ணி வரும்."

குடித்தோம். அமுதம் என்று எழுதுவது வழக்கம். இது கலனின் வாடை கலந்த, இளஞ்சூடான நீர். ஆயினும் அவர் இரு நாளுக்கென வைத்திருந்ததிற் பங்கு அது.

"பிள்ளையள் எத்தினை?" என்றார். இருவர், இருவரும் கனடாவில் என்றோம். தமக்கும் ஒரு மகன் பிரான்சில் என்றும், கிளிநொச்சியில் உள்ள மகளின் பெண்பிள்ளை யாழ்ப்பாணத்தில் விடுதியிற் தங்கிப் படிக்கின்றாள் என்றும் சொன்னார்.

"அப்ப நீங்களும் கனடாவுக்குப் போறியளோ?"

எங்களுள் ஒருவர் "ஓம்" என்றும், மற்றவர் "இல்லை" என்றும் ஒரே வேளையிற் சொன்னோம். ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருவரும் தொடாமல் விட்டிருந்த பேச்சு அது.

"என்னையும் அவன் கூப்பிடுறான். நான் போனால் இந்த மூண்டையும் ஆர் பாக்கிறது?" என்று மாடுகளைக் காட்டினார். விற்கலாமே என்றோம். "வித்தால் வாங்கிறவன் அறுப்பான்" என்றார். பேச்சு அத்தோடு நின்றது. புறப்படும்போது, பேர்த்தியிடம் சேர்ப்பிக்கும்படி ஒரு போத்தல் நெய்யைத் துணியிற் சுற்றித் தந்தார். வண்டியின் கரியரில் வைத்தால் உடையும் என்று, அதனை மடியிற் கட்டிக்கொண்டே எங்களுள் ஒருவர் வடகரை வரை உழக்கினார். இப்போது காற்று முதுகைத் தள்ளியது.

மாலையில் மாவலித்துறைக்கு வந்தோம். அங்கே குமுதினிப் படகின் நினைவிடம் உள்ளது. 1985 மே 15ஆம் நாள், பயணிகளோடு நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அப்படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. கடற்படையைச் சேர்ந்தோர் ஏறி, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோரை வெட்டியும் குத்தியும் கொன்றனர். அந்தப் படகு பின்னர் பழுது நீக்கப்பட்டு, மீண்டும் அதே கடலில் நெடுங்காலம் ஓடியது. கொலையுண்டோரின் உறவினர் மருந்துக்கும் சந்தைக்கும் அதிலேதான் ஏறிச் சென்றனர். வேறு வழி ஏது? தலைவணங்கி, மரித்த விசுவாசிகளுக்கான செபத்தைச் சொன்னோம். அருகே மாலைப் படகிலிருந்து அரிசி மூடைகளும் எரிவாயு உருளைகளும் இறங்கிக்கொண்டிருந்தன.

வண்டிக்காரர் கூடுதலாக எடுத்த அரை மணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிரவு விடுதித் திண்ணையிலிருந்து கனடாப் பேச்சை முதன்முறையாக முழுதும் பேசினோம். முடிவு காணவில்லை, ஆனால் இருவரும் தத்தம் அச்சம் எது என்பதைச் சொன்னோம்.

யாழ்ப்பாணம் திரும்பிய மறுநாள், நெய்ப் போத்தலோடு விடுதிக்குச் சென்றோம். பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஓடிவந்தாள். போத்தலை வாங்கியவள், ஆச்சி நலமா என்று கேட்கவில்லை.

"கிணத்துத் தண்ணி கரிக்கத் தொடங்கீட்டுதோ?" என்றாள்.

ஆம் என்றோம். சனிக்கிழமைப் படகுக்குத் தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, விடுதிப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்க உள்ளே போனாள்.