சந்தேகத்தின் நிறம்

துப்பறியும் கதைகள் மீது நமக்குள்ள பற்று குருமட நாட்களிலேயே தொடங்கியது. இறையியல் நூலுக்கடியில் அவற்றை மறைத்துவைத்துப் படித்ததை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொள்வதில் இடர் ஏதுமில்லை. கடந்த தவக்காலத்தில் காய்ச்சலாய்ப் படுத்திருந்த நமக்கு, உடனுறையும் துணைப் பங்குத்தந்தை தம் கணினியில் பழைய பிரிட்டிஷ் படமொன்றைப் போட்டுக் காட்டினார். தவக்காலத்தில் கொலைப்படமா என்று வாசகர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம்.

பேசில் டியர்டன் இயக்கி 1959இல் வெளிவந்த 'சஃபையர்' என்னும் படம் அது. லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் திறந்தவெளியில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடக்கிறது. கத்தியால் குத்தப்பட்டவள், இசை பயின்ற மாணவி. வெள்ளையினப் பெண் என்றே எல்லாரும் கொள்கின்றனர். அவளுடைய அண்ணன், ஒரு மருத்துவர், பர்மிங்காமிலிருந்து காவல் நிலையம் வருகிறார். அவர் கறுப்பினத்தவர்.

அந்தக் கணத்திலிருந்து விசாரணையின் தொனியே மாறுகிறது. இறந்தவள் அதே பெண்தான். அவள்மீது இருந்த இரக்கம் மட்டும் குறைகிறது. கம்பளிப் பாவாடைக்குள் அவள் அணிந்திருந்த சிவப்புப் பட்டு உள்பாவாடைகூட இப்போது குற்றச்சாட்டாகிறது. கண்காணிப்பாளர் ஹசார்டு நிதானமானவர்; அவருடைய துணை அதிகாரி லியராய்டுக்கோ அந்தப் பெண்மீது இளக்காரம். லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் 1958இல் இனக் கலவரம் நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அந்த நாட்டுக்காரரை மட்டும் குறைசொல்ல நமக்கு வாயில்லை. 'எந்தத் தெரு?' என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் குரல் மாறுவதை நாமும் கேட்டிருக்கிறோம்.

படமும் தன் காலத்துப் பிழையினின்று முற்றும் தப்பவில்லை. முரசொலி கேட்டால் தோல் வெளுத்தவளின் கால்களும் தாமாக ஆடும் என்பதுபோல் வரும் நடன விடுதிக் காட்சி இன்று கூச்சமூட்டுகிறது. ஆனால் அவளை மணக்க இயலாது, அவளிடம் வெள்ளை இரத்தம் கலந்திருக்கிறது என்று கறுப்பின வழக்கறிஞர் ஒருவரைச் சொல்லவைக்கும் துணிவும் அதே படத்துக்கு இருக்கிறது.

ஜானி ஃபிடில் என்றொரு கறுப்பின இளைஞன் வருகிறான். காவலரைக் கண்டதும் ஓடுகிறான். அவன் அறையில் இரத்தக்கறை படிந்த சட்டையும் கத்தியும் அகப்படுகின்றன. 'இவன்தான்' என்று நாம் படுக்கையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவன் குற்றமற்றவன்.

கொலையாளி, சஃபையரை மணக்கவிருந்த வெள்ளையின மாணவனின் அக்காள் மில்ட்ரெட். இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய். அவளைக் காட்டிக்கொடுப்பது கைரேகையோ சாட்சியோ அன்று. ஹசார்டு அந்த மருத்துவரை அவள் வீட்டுக்கே அழைத்துவருகிறார். அவர் குழந்தைகளின் பொம்மையைக் கையில் எடுக்கிறார். அவ்வளவுதான். அந்தக் கறுத்த கை தன் பிள்ளைகளின் பொருளைத் தொடுவதைப் பொறுக்கமாட்டாமல் அவள் அலறுகிறாள். உள்ளிருந்த வெறுப்பு முழுவதும் வெளியே கொட்டிவிடுகிறது. மருத்துவராக நடித்த ஏர்ல் கேமரன் அக்காட்சியில் குரலை உயர்த்துவதே இல்லை.

மறுநாள் காலை உணவின்போது துணைப் பங்குத்தந்தை கேட்டார்: "ஃபாதர், கொலைகாரர் யாருன்னு எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"கடைசியில்தான்" என்றோம். ஜானி ஃபிடிலைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.