நெற்றி விளக்கு

குகைக்குள் இறங்குவது ஒரு பொழுதுபோக்கு என்றால் எங்கள் ஊரவர் நகைப்பர். யாழ்ப்பாணத்தான் நிலத்தைத் தோண்டுவது தண்ணீருக்கு; அதற்கு அப்பால் நிலத்தின் அடியில் அவனுக்கு அலுவல் எதுவும் இல்லை. அவன் குடியிருக்கும் தரையோ சுண்ணாம்புக்கல். அதன் வயிற்றுக்குள் நீர் அரித்த பிலங்கள் உண்டென்பதை நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்த சிறுவனும் அறிவான்; அறிந்தும் எட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடுவான். நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற நாளில், புவிச்சரிதவியல் பயின்ற மட்டக்களப்பு நண்பன் ஒருவன் அறைத்தோழனாக வாய்த்தமையால் இந்தப் பித்து என்னையும் பற்றிக்கொண்டது.

அறுவர் சேர்ந்தோம். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கயிறும் சாக்கும் பாண் பொதியுமாகப் புறப்படுவோம். இலங்கையிற் குகை என்று பெயர் பெற்றவற்றுட் பெரும்பாலானவை உண்மையிற் குகைகளல்ல. பெரும் பாறைகளின் கீழமைந்த ஒதுக்கிடங்களே. மழைக்கு ஒதுங்கலாம், இருளுக்குள் இறங்க இயலாது. அவற்றின் சிறப்பு வேறு. பாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்பு அம்புமுனைகள் கிடைத்த செய்தியை 2020 ஆம் ஆண்டு ஆய்வாளர் வெளியிட்டனர். குரங்கையும் அணிலையும் வேட்டையாடிய மக்களின் கருவிகள் அவை. தொல்லியல் என்பது பெரும்பாலும் பிறர் தொலைத்தவற்றைக் கண்டெடுக்கும் கலைதானே! அந்த முனைகளுள் ஒன்றைத் தொலைத்தவன், அன்றிரவு நெருப்பைச் சுற்றி இருந்தவர்களுள் எவனை முறைத்துப் பார்த்தானோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

எங்கள் கூட்டத்தின் உயிர் குகையன்று, பகிடிதான் என்று சொன்னாற் பிழையாகாது. ஒருவனுடைய சாக்கின் அடியில் இரண்டு கருங்கற்களை வைத்துவிட்டு, அவன் மூச்சிரைத்து மலையேறுவதைக் கண்டு மகிழ்வோம். உச்சியிற் பொதியை அவிழ்த்தவன் கற்களைக் கண்டதும் எம்மை வைவான். மறுமுறை அக்கற்கள் வேறொருவன் சாக்கில் ஏறும். உறங்குகிறவனின் இரு சப்பாத்துகளின் நாடாக்களையும் ஒன்றாக முடிந்துவிடுவோம். சோற்றுப் பொதியை ஒளிப்போம். இருளில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு ஒருவனை மட்டும் பெயர் சொல்லி அழைப்போம். இவற்றுக்கு இடையில் உண்மையாகவே தொலைந்தவற்றுக்கும் குறைவில்லை. ஒற்றைச் சப்பாத்து, கண்ணாடி, இரண்டு ரோச், அட்டன் நண்பனின் அரைக் காற்சட்டை. எது ஒளிக்கப்பட்டது, எது தொலைந்தது என்று பிரித்தறிய இயலாத நிலை எங்களிடம் இருந்தது.

மட்டக்களப்பு நண்பன் மட்டும் கருவிகள் விடயத்தில் விளையாடான். இறங்குகிற ஒவ்வொருவனிடமும் மூன்று விளக்குகள் இருக்கவேண்டும் என்பது உலகெங்கும் குகை ஆராய்வோர் கொள்ளும் விதி. எங்கள் அறுவரிடமும் மொத்தமாக ஒன்பது இருந்தன. 1952 ஆம் ஆண்டு பிரான்சு-ஸ்பானிய எல்லையிலுள்ள பியர் சென் மார்த்தென் குகையிற் கம்பிவடத்தின் பிடி கழன்றதால் வீழ்ந்து இறந்த மார்செல் லூபென்ஸ் என்பவரின் கதையை அவன் அடிக்கடி சொல்வான். அவருடைய உடலை 1954 இலேதான் மேலே கொண்டுவர முடிந்ததாம். நாங்கள் ஐந்து நிமிடம் மௌனமாயிருப்போம். பிறகு ஒருவன் அவனுடைய தொப்பியை ஒளிப்பான்.

2013 ஆம் ஆண்டு தை மாதம் வவுல்பனேக்குப் போனோம். இரத்தினபுரி மாவட்டத்தில், எம்பிலிப்பிட்டிப் பக்கமாக உள்ள இடம். இது மெய்யான குகை. சுண்ணாம்புக்கல்லை நீர் அரித்து உண்டாக்கியது. உள்ளே சிற்றாறு ஒன்று ஓடுகிறது. 'வவுலா' என்றால் சிங்களத்தில் வௌவால். பெயர் பொய்யில்லை என்பதை மூக்கு முதலில் அறியும், காது பின்னர் அறியும். வழிகாட்ட உள்ளூர் இளைஞன் ஒருவன் வந்தான். இருபது வயதிருக்கும். மெலிந்த தேகம், வெறுங்கால், தோளில் ஒரு சாக்குப் பை. எழுநூறு ரூபாவுக்கு ஒப்புக்கொண்டான். நாங்கள் அரைகுறைச் சிங்களத்திற் கேட்டவற்றுக்கெல்லாம் இரண்டொரு சொல்லில் விடை தந்தான்.

மட்டக்களப்பு நண்பன் அன்று புதிய நெற்றி விளக்கு ஒன்றை அணிந்திருந்தான். தான் பயின்ற துறையிற் கையொப்பமிட்டு இரவலாகப் பெற்றது. ஆற்றோரத்தில் சேறு படிந்த முகத்தைக் கழுவுவதற்காக அதைக் கழற்றி ஒரு கல்லின்மேல் வைத்தான். அவ்வளவே. என் கை தானாக நீண்டது. விளக்கை அணைத்து, தலைக்கு மேலே சுவரில் இருந்த ஒரு வெடிப்புக்குள் செருகினேன். ஐந்து நிமிடம் தேடட்டும் என்பதே நோக்கம்.

அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. அட்டன் நண்பன் வழுக்கிப் பாறைகளிடையே வீழ்ந்தான், கணுக்கால் பிசகிவிட்டது. அவன் போட்ட கூக்குரலுக்கு வௌவால்கள் கலைந்தன. எல்லாரும் அவனிடம் ஓடினோம். அந்த இளைஞன் ஒரு சொல்லும் பேசாமல் முதுகைக் குனிந்து அவனை ஏற்றி, இடுப்பளவு நீரில் நடந்து வெளியே கொண்டுவந்தான். நான் கடைசியாக வந்தேன். வெடிப்பென்று நான் நினைத்த இடத்தைத் துழாவினேன். குளிர்ந்த கல்லும் ஈரமும் கைக்குப் பட்டன, விளக்கு படவில்லை. அது வெடிப்பல்ல, அடியற்ற துளை. உள்ளே எங்கோ நீர் ஓடும் ஒலி மட்டும் கேட்டது.

வெளியே வந்தபின்னரே விளக்கின் நினைவு நண்பனுக்கு எழுந்தது. முதலில் எங்களைத்தான் கேட்டான். ஒவ்வொருவரும் சத்தியம் செய்தோம், நானும் செய்தேன். அப்போது எங்கள் ஊரவனாகிய நண்பன், இளைஞனுக்கு விளங்காது என்ற துணிவில், "வேற ஆர் எடுக்கிறது? உந்தப் பெடியன்தான். வந்ததிலயிருந்து அந்த லைற்றைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன்" என்றான். இன்னொருவன் "பையைச் சோதிப்பமே?" என்றான்.

இளைஞன் திரும்பினான். "பாருங்கண்ணே, நல்லாப் பாருங்க" என்று தமிழிலேயே சொல்லிச் சாக்குப் பையைத் தலைகீழாகக் கொட்டினான். ஒரு கத்தி, வெற்றிலைச் சுருள், பொலித்தீனிற் சுற்றிய பழைய ரோச், பாதி விசுக்கோத்துப் பொதி. அவனுடைய தாய் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்திற் பிறந்தவர் என்று பின்னர் அறிந்தேன். எம்மைச் சிங்களம் பேசவிட்டுத் தான் தமிழறியாதவன்போல் நடந்ததும் ஒரு பகிடிதான் என்று இப்போது தோன்றுகிறது. திரும்பும் வழியிற் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தானோ என்னவோ.

நான் வாய் திறக்கவில்லை. அப்போது சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நண்பர்கள் ஏசியிருப்பார்கள், ஒரு வாரம் பேசாதிருப்பார்கள். அதற்கு அஞ்சி நின்றேன். அட்டன் நண்பனைச் சுமந்த முதுகிலிருந்து நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனான். விளக்குக்கு 4,500 ரூபா கட்டவேண்டி வந்தபோது நான் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். என் தாராளத்தை எல்லாரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

'பகிடி' என்னும் சொல்லோடு 'வதை'யைச் சேர்த்து நம் பல்கலைக்கழகங்கள் ஒரு சொல்லை ஆக்கிவைத்துள்ளன. அதைத் தடை செய்து 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. அந்தக் கொடுமைக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் எழுதியவர்களுள் நானும் ஒருவன். எங்கள் கற்களும் நாடாக்களும் அவ்வினத்தைச் சேர்ந்தவையல்ல என்றே நம்பினேன். பெரும்பாலும் அது சரியே. இன்று என் சாக்கில் ஏறிய கல் நாளை உன் சாக்கில் ஏறும் என்ற உறுதி இருக்கும்வரை அது விளையாட்டு. எழுநூறு ரூபாவுக்கு வழிகாட்டியவனுக்கு அவ்வுறுதி கிடையாது. எங்களுள் ஒருவனிடம் பொருள் காணாமற் போனால் அது பகிடி. அவன் பக்கத்தில் நின்றால் களவு. உழைப்பாளர் உரிமை பற்றிக் கூட்டங்களில் பேசிய வாய்கள்தாம் எங்கள் ஆறு வாய்களும்.

பத்தாண்டுகள் கழிந்தன. 2023 ஆம் ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவியின் கொம்பாசுப் பெட்டி காணாமற் போனது. நான் கேட்பதற்கு முன்னரே முப்பது தலைகள் ஒரு மேசையை நோக்கித் திரும்பின. அங்கிருந்தவன் நகரசுத்தித் தொழிலாளி ஒருவரின் மகன். பெட்டியை ஒளித்தவன் முன்வரிசைக்காரன். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். தலைகள் மீண்டும் கரும்பலகைக்குத் திரும்பின. அந்தப் பையன் மட்டும் தன் புத்தகப்பையை மெதுவாக மூடிக்கொண்டிருந்தான். யாரும் கேட்குமுன்னரே திறந்து வைத்திருக்கிறான்.

அந்த ஆவணி விடுமுறையில் வவுல்பனேக்குத் தனியே போனேன். தேடுவது கடினமாயிருக்கவில்லை, தேநீர்க் கடையிலேயே வீட்டைக் காட்டினார்கள். அவர் என்னை அடையாளங் கண்டாரா என்று தெரியவில்லை. நான் வரும் வழியிலெல்லாம் அடுக்கிவைத்த வசனங்கள் வாசலிலே குலைந்துபோயின. "அந்த விளக்கை ஒளிச்சது நான்" என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பொலித்தீனாற் பலமுறை சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார்.

அடுத்த மழைக்கு ஆறு பெருகியபோது, குகை வாயிலுக்குக் கீழே மணலிற் கிடந்ததாம். எம் முகவரி அவரிடம் இல்லை. விற்க மனமில்லை. அணிந்து வேலைக்குப் போகவும் முடியவில்லை. "மாட்டிக்கிட்டுப் போனா, பாத்தவங்க என்னா சொல்லுவாங்க? நீங்க சொன்னது சரின்னு ஆகிடாதா அண்ணே?" என்றார். பத்தாண்டுகளும் தமது பழைய ரோச்சுடனேயே அவர் அந்த இருளுக்குள் ஆட்களை அழைத்துப்போய் வந்திருக்கிறார். மின்கலங்கள் கசிந்து உட்புறம் பச்சை பூத்திருந்தது. பட்டி மட்டும் புதிதாகவே இருந்தது.

நான் கொண்டுபோன பணத்தை அவர் தொடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: விளக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, கையொப்பம் வைத்துத் தரவேண்டும், சிங்களத்தில் எழுதவேண்டும், மனைவி வாசிப்பதற்கு. மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். அவர் மனைவி வாசித்துவிட்டு, 'கிடைத்தது' என்று பொருள்படும் 'லெபுணா' என்ற சொல்லில் நான் எழுதியிருந்த னகரத்தை அடித்து, மேலே ணகரத்தை எழுதித் திருத்தினார். பிறகு தாளை நான்காக மடித்து, பொலித்தீனில் வைத்து, அலுமாரிக்குள் வைத்தார்.