கடலை நோக்கி 54 மைல்

இலண்டன் மாநகரின் தென்பகுதியில் கிளாப்பம் காமன் என்னும் பரந்த புல்வெளி ஒன்று உள்ளது. ஏறத்தாழ 220 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பொதுவெளியின் ஓரத்தில் பழைய ஆலயம் ஒன்று நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் வில்பர்ஃபோர்சும் அவர்தம் நண்பர்களும் அங்கேதான் கூடி வழிபட்டனர். அடிமை வணிகத்தை ஒழிக்க அவர்கள் நடத்திய நெடிய போராட்டம் 1807-இல் சட்டமாகக் கனிந்தது. முகமறியா மாந்தருக்காக உழைப்பது அந்தப் புல்வெளிக்குப் புதிதன்று. இக்காலத்திலும் ஆண்டுதோறும் ஜூன் மாத ஞாயிறு ஒன்றில், விடிந்தும் விடியாத வேளையிலேயே ஆயிரக்கணக்கானோர் தத்தம் மிதிவண்டிகளோடு அங்கு வந்து கூடுகின்றனர். அவர்கள் சென்று சேரவேண்டிய இடம் தெற்கே 54 மைல் தொலைவில், அதாவது 87 கிலோமீட்டருக்கு அப்பால், கடற்கரையில் அமைந்துள்ள பிரைட்டன் நகரம்.

இலண்டனையும் பிரைட்டனையும் சக்கரங்களால் இணைக்கும் ஆவல் பழமையானது. 1869 பிப்ரவரியில் ஜான் மேயல் என்ற இளைஞர், மரச் சக்கரத்தில் இரும்புப் பட்டை இறுக்கிய அந்நாளைய மிதிவண்டியில் பிரைட்டன்வரை சென்றார். ஏறுபவரின் எலும்புகளையெல்லாம் குலுக்கியெடுத்த வண்டி அது! 1896 நவம்பரில், புதிதாய்த் தோன்றிய மோட்டார் வண்டிகளின் முதல் ஊர்வலம் இதே ஊரை நோக்கிப் புறப்பட்டது. இன்று நாம் காணும் மிதிவண்டிப் பயணம் 1976-இல் சிறு அளவில் தொடங்கியது. 1961-இல் நிறுவப்பெற்ற பிரிட்டானிய இதய அறக்கட்டளை 1980 முதல் இதன் பயனைப் பெற்று வருகிறது. சேரும் பணம் இதய நோய்கள் பற்றிய ஆராய்ச்சிக்குச் செல்கிறது.

பணம் சேரும் முறை எளியது. பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர் உறவினரையும் உடன் பணிபுரிவோரையும் அண்டை வீட்டாரையும் அணுகுவார். “நான் பிரைட்டன் போய்ச் சேர்ந்தால் இவ்வளவு தருவீர்களா?” என்று கேட்பார். முற்காலத்தில் அவர் கையில் ஒரு தாள் இருக்கும். கொடுக்க இசைந்தவர்கள் அதில் பெயரும் தொகையும் எழுதி ஒப்பமிடுவார்கள். இன்று அது பெரும்பாலும் கணினி வழியாகவே நடைபெறுகிறது. எப்படியாயினும், புறப்படும்போதே அவர் தம் தோள்மீது பலருடைய நம்பிக்கையை ஏற்றிக்கொண்டுதான் புறப்படுகிறார்.

இக்கூட்டத்தில் பந்தய வீரர்கள் சிலரே. நெடுங்காலம் உடற்பருமனால் அல்லலுற்று, அரும்பாடுபட்டு அதைக் குறைத்தவர்களும் இத்தகைய பயணங்களை நாடி வருவதுண்டு. அத்தகைய ஒருவரை, வாசக அன்பர்களே, நம் மனக்கண்முன் நிறுத்தி, அவர் பின்னே நாமும் செல்வோம். அவருக்கு வயது 50 என்று கொள்வோம். ஒரு காலத்தில் அவருடைய எடை 130 கிலோ, இன்று 90. மாடிப்படி ஏறினால் மூச்சிரைத்தது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. எச்சரித்த மருத்துவர் நம்பிக்கையும் ஊட்டினார். சர்க்கரை நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களை வைத்துப் பிரிட்டனில் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. எடையில் 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 10 பேருக்கு 8 பேருக்கு மேல், ஓராண்டு முடிவில் மருந்தின்றியே சர்க்கரை கட்டுக்குள் நின்றதை அது காட்டியது.

கனத்த உடம்போடு ஓடத் தொடங்கினால் முழங்கால்கள் தாங்கா. மிதிவண்டியிலோ உடலின் பாரத்தைப் பெரும்பாலும் இருக்கையே சுமக்கிறது. ஆகவே இத்தகையோர்க்கு அது ஏற்ற பயிற்சி. ஆயினும் அங்கும் ஒரு தடை உண்டு. ஒவ்வொரு வண்டியும் இவ்வளவு எடையைத்தான் தாங்கும் என்று அதைச் செய்பவர்கள் வரம்பிட்டிருப்பார்கள். 130 கிலோ மனிதர் ஏறினால் பல வண்டிகளில் அவ்வரம்பு மீறப்பட்டுவிடும். பின்சக்கரத்தின் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாய் முறியும். எனவே நம் பயணி முதலில் நடந்தார், உணவைக் குறைத்தார், எடை ஓரளவு இறங்கிய பின்னரே வண்டியேறினார். முதல் நாள் 2 மைல். ஓராண்டு கழித்து 30 மைல். இன்று 54.

தென் இலண்டனின் நெருங்கிய தெருக்களைக் கடந்ததும் நிலம் மெல்ல உயர்கிறது. வடக்கு டவுன்ஸ் என்னும் சுண்ணக்கல் மேடு அது. அதன் மறுபுறம் இறங்கினால் தலைநகரைச் சுற்றி வளைக்கும் பெருஞ்சாலையின் இரைச்சல் கேட்கிறது. அதையும் தாண்டிவிட்டால் நாட்டுப்புறம். வடக்கிலும் தெற்கிலும் இரு சுண்ணக்கல் மேடுகள். இடையே களிமண்ணும் மணற்கல்லும் கலந்து அலையலையாய்க் கிடக்கும் வீல்டு என்னும் நிலப்பரப்பு. ஒரு காலத்தில் அடர்ந்த காடாயிருந்த இப்பகுதியில் இன்றும் கருவாலி மரங்கள் சாலையின்மேல் கிளை கவித்து நிற்கின்றன. வேலியோரப் பூக்கள், செங்கல் வீடுகள், பசும்புல் மேயும் ஆடுகள் எனக் காட்சிகள் மாறிக்கொண்டே வரும்.

ஏறத்தாழப் பாதி வழியில் டர்னர்ஸ் ஹில் என்னும் சிற்றூர் மேட்டின்மீது அமைந்திருக்கிறது. அங்கே பலரும் இறங்கி இளைப்பாறுகின்றனர். வழிநெடுக உள்ளூர் மக்கள் மேசையிட்டுத் தேநீரும் கேக்கும் வாழைப்பழமும் விற்கின்றனர். இங்குதான் நம் பயணிக்கு அன்றைய முதற் சோதனை வந்து சேர்கிறது. அவர் பல மாதங்களாக உணவுத் தட்டை விலக்கியே பழகியவர். ஒரு துண்டு ரொட்டிக்கும் கணக்கு வைத்தவர். பசியை வென்றதே அவருடைய பெருமை. ஆனால் நெடும்பயணம் வேறொரு நியதியைக் கேட்கிறது. நம் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்துள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 2 மணி நேரக் கடும் உழைப்புக்கே போதும். அது தீர்ந்தால் கால்கள் துவளும்; தலை சுற்றும்; மனமும் சோரும். ஆகவே மணிக்கு 30 முதல் 60 கிராம்வரை, அதாவது ஒன்றிரண்டு வாழைப்பழ அளவேனும், உட்கொண்டே ஆகவேண்டும். எதை எதிரியாய்க் கருதினாரோ அதையே இன்று துணையாய்க் கொள்ள வேண்டியிருக்கிறது. தயங்கித் தயங்கித் தோலை உரிக்கிறார். அடக்கம் என்பது உண்ணாமையில் மட்டும் இல்லை. உண்ண வேண்டிய வேளையில் அச்சமின்றி அளவாய் உண்பதிலும் இருக்கிறது. நோன்பும் விருந்தும் மாறி மாறி வரும் ஆண்டினை அறிந்த நமக்கு இது விளங்காததா?

ஆர்டிங்லி, லின்ட்ஃபீல்டு என்னும் அழகிய ஊர்கள் பின்னே மறைகின்றன. அடுத்து டிச்லிங் வருகிறது. 1920-களின் தொடக்கத்தில் கத்தோலிக்கக் கைவினைஞர் சிலர் புனித சூசையப்பர், புனித தோமினிக் ஆகியோரின் பெயரால் சங்கம் அமைத்து இவ்வூர்ப் புறத்தே வாழ்ந்தனர். நெசவு, அச்சு, வெள்ளி வேலை எனக் கையால் உழைத்து, உழைப்பையும் செபத்தையும் ஒன்றாய்ப் பிணைக்க முயன்ற அச்சங்கம் 1989-வரை நிலைத்திருந்தது. இன்று வந்து சேர்பவர்களுக்கோ கைவேலை இல்லை, கால்வேலையே காத்திருக்கிறது. ஊருக்கு அப்பால், சுவர்போல் எழுந்து நின்று கடலை மறைக்கிறது தெற்கு டவுன்ஸ்.

அதன் உச்சிகளுள் ஒன்றே டிச்லிங் பீக்கன். உயரம் 248 மீட்டர். பழங்காலத்துக் கோட்டை ஒன்றின் மண்மேடு அதன் தலையில் இருக்கிறது. பகைவர் வருகையை அறிவிக்கத் தீ மூட்டும் குன்றாகையால் இப்பெயர் பெற்றது. 1994-இல் டூர் டி பிரான்ஸ் பந்தய வீரர்களும் இதன்மேல் ஏறிக் கடந்தார்கள். நம் ஊர்களின் மலைகளோடு ஒப்பிட்டால் இது சிறு குன்றுதான். ஆனால் 45 மைலுக்கு மேல் மிதித்துக் களைத்த பின்னர், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்குள் 140 மீட்டர் உயரம் ஏறவேண்டும். நாற்பது மாடிக் கட்டடத்தின் உயரம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பாதையோ குறுகலானது, மரங்கள் அடர்ந்தது, வளைவுக்கு வளைவு முடிவு வந்துவிட்டதுபோல் ஏமாற்றுவது.

நம் பயணி குறைத்தது 40 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பங்கள் ஒன்றரைக்கு மேல்! பழைய உடம்போடு வந்திருந்தால் அத்தனையையும் நாற்பது மாடி உயரம் சுமந்திருப்பார். அந்தச் சுமை இன்று இல்லை. ஆயினும் முதல் வளைவு தாண்டியதும் மூச்சு முட்டுகிறது, வண்டி தள்ளாடுகிறது. இறங்கிவிடலாமா? இறங்கினால் தோல்வியா? இத்தனை மாதத்து உழைப்பும் இந்த மேட்டில் பொய்யாகிவிடுமா?

சுற்றிலும் பார்க்கிறார். ஓரமாக ஒரு நீண்ட வரிசை, வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்து ஏறுகிறது. இளைஞர்களும் உண்டு, நரைத்தவர்களும் உண்டு. இறந்துபோன தந்தையின் படத்தைச் சட்டையின் முதுகில் பதித்துக்கொண்டு ஏறுகிறாள் ஒரு பெண். மிதித்து ஏறினாரா, தள்ளி ஏறினாரா என்று தாளில் ஒப்பமிட்ட எவரும் கேட்கப்போவதில்லை. எடை குறைந்தது அவருக்குக் கிடைத்த பேறு. அந்தப் பேற்றினால் மீண்ட வலிமையை யாருக்காகச் செலவிடுகிறார் என்பதே இன்றைய கேள்வி. அவர் இறங்குகிறார்; வரிசையில் சேர்கிறார்; தள்ளுகிறார். ஒவ்வோர் அடியும் யாரோ ஒருவருடைய இதயத்துக்கு.

உச்சியில் காற்று முகத்தில் அறைகிறது. வடக்கே, காலையிலிருந்து கடந்துவந்த நாடு முழுவதும் நீலமாய் விரிந்து கிடக்கிறது. தெற்கே, நகரின் கூரைகளுக்கு அப்பால், ஒரு வெள்ளிக் கோடு. கடல்!

இனி இறக்கமே. இறங்கும் வழிக்கு மேற்கே, அதே டவுன்ஸ் சரிவில், சத்ரி என்னும் வெண்பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. முதல் உலகப்போரில் காயமுற்ற இந்திய வீரர்களுக்கு 1914 முதல் பிரைட்டனின் அரச மாளிகையே மருத்துவமனையாயிற்று. அங்குத் தேறாமல் மாண்ட இந்து, சீக்கிய வீரர்களை எரியூட்டிய இடத்தில் 1921-இல் அச்சின்னம் திறந்துவைக்கப்பெற்றது. தாய்மண்ணைக் காணாமல் மறைந்த அவர்களை நாம் ஒரு கணம் நினைந்து செல்வது தகும்.

மடீரா டிரைவ் என்னும் கடற்கரைச் சாலையில் பயணம் முடிகிறது. இருபுறமும் மக்கள் கைதட்டுகின்றனர். கழுத்தில் ஒரு பதக்கம் விழுகிறது. கூழாங்கற்கள் நிறைந்த கரையில் மனைவியும் மகளும் காத்திருக்கின்றனர். செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த நீரில் காலை நனைக்கிறார். அழுகை வருகிறது, அதை அவர் மறைக்கவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் இனிமையாயிருக்கும். ஆனால் முழு உண்மையாகாது. 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தது. சராசரியாகக் குறைந்த 58 கிலோவில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. ஓய்வில் இருக்கும்போது அவர்களுடைய உடல், எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. பட்டினிக்கு அஞ்சும் உடல், தான் இழந்ததை மீட்கவே ஓயாமல் முனைகிறது. ஆகவே எடை திரும்பியவரைப் பார்த்துச் சோம்பேறி என்று நகைப்பது அறியாமை, அன்பின்மையும்கூட. நம் வீட்டு விருந்துகளில் இத்தகைய பேச்சு எவ்வளவு எளிதாய் எழுகிறது!

தனக்காக மட்டும் எடுத்த உறுதி, எடைக்கருவி காட்டும் எண்ணோடு ஏறி இறங்கும். பிறருக்குக் கொடுத்த வாக்கு அத்தனை எளிதில் தளர்வதில்லை. திங்கட்கிழமை காலையில் நம் பயணிக்குக் கால்கள் வலிக்கும். நாற்காலியிலிருந்து எழவே சிரமமாயிருக்கும். ஆயினும் ஒப்பமிட்டவர்களிடம் சென்று அவர்கள் சொன்ன தொகையைப் பெற்று அனுப்ப வேண்டும். “அடுத்த ஆண்டும் போவீர்களா?” என்று அவர்களுள் ஒருவராவது கேட்பார். போவேன் என்று அவர் சொல்லிவிட்டாரானால், வருகிற ஞாயிறன்றும் வண்டியை வெளியே எடுத்துச் சக்கரத்துக்குக் காற்றடிக்கத்தானே வேண்டும்!