குறிஞ்சி ஆண்டவர் சந்நிதியிலிருந்து தெரியும் பழநி

பழநி மலைத்தொடர் ஒன்றே. அதன் வடக்கு அடிவாரத்தில் தண்டாயுதபாணி கோயில் கொண்டிருக்கிறான். மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது. ஆயினும் குடும்பங்களில் இவ்விரண்டையும் வெவ்வேறு கணக்கில் வைப்பதே வழக்கம். பழநி என்றால் நேர்த்திக்கடன். கொடைக்கானல் என்றால் குளிர், படகு, சாக்லேட். முன்னது பெரியவர்களுக்கு, பின்னது பிள்ளைகளுக்கு என்று பங்கு பிரிந்துவிடுகிறது.

அயல்நாட்டில் பிறந்து வளரும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இந்தப் பிரிவினை இன்னும் தெளிவாகத் தெரியும். பெற்றோருக்குச் சொந்த ஊர். பிள்ளைகளுக்கோ இதுதான் அயல்நாடு. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கைப்பேசியில் கொண்டு வருகிறார்கள். அதில் ஏரி இருக்கும், தூண் பாறை இருக்கும். முருகன் இருப்பது அரிது.

மதுரையைச் சேர்ந்த பெரியவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்ற தை மாதம் மெல்போர்னிலிருந்து மகனும் மருமகளும் பதினொரு வயதுப் பேரனும் வந்திருந்தனர். பேரன் குறைமாதத்தில் பிறந்தவன். அவன் பிழைத்தால் பழநியில் முடியிறக்குவதாகப் பாட்டி வேண்டிக்கொண்டிருந்தாள். பாட்டி இன்று இல்லை. வேண்டுதல் மட்டும் பாக்கியிருந்தது. மூன்று வார விடுப்பில் மலைக்கென ஒதுக்க முடிந்தது இரண்டே நாட்கள்.

தைப்பூசத்திற்கு நடந்து வரும் பக்தர்கள் சாலையோரமெங்கும் வரிசையாகச் சென்றுகொண்டிருந்தனர். காவடிகளைக் கண்டு வியந்த பையனுக்கு, சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளையும் தோளில் சுமந்து வந்த இடும்பனின் கதையைப் பெரியவர் சொன்னார். ஆனால் முடிக்காணிக்கை நிலையத்தை நெருங்கியதும் அவன் பின்வாங்கினான். அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது, எல்லாரும் சிரிப்பார்கள் என்று கண்ணீர் விட்டான். தந்தை அதட்டினார். பெரியவர் மகனைத் தடுத்தார்.

"அழுதுகொண்டே கொடுக்கும் முடியை முருகன் கேட்கவில்லை. உன் அம்மா வேண்டியது நம் வீட்டுக்காகத்தானே? என் தலையும் இந்த வீட்டுத் தலைதான்" என்று சொல்லிவிட்டு, அவரே போய் அமர்ந்தார். 2021 முதல் தமிழகக் கோயில்களில் முடிக்காணிக்கைக்குக் கட்டணமில்லை. எஞ்சியிருந்த நரைமுடி இறங்கச் சில நிமிடங்களே ஆயின. வெளியே வந்தவரின் தலையில் சந்தனம் தடவ யாரைக் கூப்பிடுவது என்று மகன் தயங்கியபோது, பேரனே கையை நீட்டினான். பாட்டியின் கணக்கு அன்று அப்படித் தீர்ந்தது.

முதியோர் 693 படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1966 முதல் இழுவை ரயிலும் 2004 முதல் ரோப் காரும் இயங்குகின்றன. ரோப் கார் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாளும் ஆண்டுக்கொரு முறை பல நாட்களும் நிற்கும். விசாரித்துவிட்டுச் செல்வது நலம். 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல அனுமதியில்லை. இளையவர்களுக்கு இது முதலில் குறையாகத் தோன்றும். தரிசனத்தின்போது அதுவே வரமாகிறது. போகர் நவபாஷாணத்தால் உருவாக்கியதாகப் போற்றப்படும் மூர்த்தியைச் சாயரட்சை வேளையில் ராஜ அலங்காரத்தில் காண்பது பெரும்பேறு. மேலே செல்லுமுன் மூன்றாம் படைவீடாகிய அடிவாரத்துத் திருஆவினன்குடியை வணங்குவது மரபு. மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை முதலியவை சேரும் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டியலில் இல்லாத அந்தச் சுவையைப் பேரன் இருமுறை கேட்டு வாங்கி உண்டான்.

மறுநாள் காலை மலைப்பாதை. பழநியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வளைவுகள் மிகுந்த அந்த வழியில் வயிறு நிறைய உண்டுவிட்டுப் பயணம் செய்வது முதியோருக்கு ஆகாது. கொடைக்கானலில் ஊர் உருவான வரலாறு அயல்நாட்டாருடையது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். 1863-இல் வெர் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஓடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்கு பணிபுரிந்த எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நகர்வதைக் கண்டறிந்தார். ஏரியும் கோக்கர்ஸ் நடைபாதையும் பிரையண்ட் பூங்காவும் ஒரு முற்பகலுக்குப் போதும்.

ஏரியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். குறிஞ்சி நிலத்தின் தெய்வமாகச் சேயோனைத் தொல்காப்பியம் கூறுகிறது. அந்த நிலத்திற்கே பெயர் தந்த மலரின் பெயரால் இங்கே முருகன் வழங்கப்படுகிறான். 1936-இல் இக்கோயிலை எழுப்பியவர் லீலாவதி ராமநாதன் அம்மையார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, இந்து சமயத்தைத் தழுவி, இலங்கைத் தமிழ்ப் பெரியார் சர் பொன்னம்பலம் ராமநாதனின் துணைவியானவர். கணவர் யாழ்ப்பாணத்தில் நிறுவிய பெண்கள் கல்லூரிக்காகப் பல்லாண்டு உழைத்தவர். கோயில் இன்று பழநி தேவஸ்தான நிர்வாகத்தில் உள்ளது.

"அவங்களும் ஆஸ்திரேலியாவா, தாத்தா?" என்று பேரன் கேட்டான். அந்தப் பயணத்தில் ஊரைப் பற்றி அவன் தானாகக் கேட்ட முதற்கேள்வி அது. பெரியவர் விடை சொல்லிக்கொண்டிருக்கையிலேயே வடக்கே மேகம் விலகியது. கோயிலின் அருகிலிருந்து, வெகு கீழே சமவெளியில், பழநிக் குன்று தெரிந்தது. நேற்று அண்ணாந்து பார்த்த மலை, உள்ளங்கையில் அடங்கும் பிள்ளையார் போல் நின்றது. பையன் கைப்பேசியை எடுக்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே கைகூப்பினான்.

குறிஞ்சிச் செடி பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும். 2006-இலும் 2018-இலும் மலைச்சரிவு நீலமாயிற்று. அடுத்து 2030. "அப்போ நான் வருவேன், படியில ஏறியே வருவேன்" என்றான் பேரன், விரலில் தன் வயதை எண்ணியபடி. தாத்தாவுக்கு அப்போது எத்தனை வயதாகும் என்று அவன் கேட்கவில்லை, பெரியவரும் சொல்லவில்லை. மொட்டைத் தலையின் மேல் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "வா, அவசியம் வா" என்றார்.

இன்னும் அரை நாள் கிடைப்பவர்கள் மேற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் உள்ள பூம்பாறைக்குச் செல்லலாம். படிப்படியான வயல்களின் நடுவே குழந்தை வேலப்பர் எழுந்தருளியிருக்கிறார். இந்த மூர்த்தியையும் போகரோடு சேர்த்தே சொல்கிறது தல மரபு. அருணகிரிநாதரைக் குழந்தை வடிவில் வந்து காத்ததால் இப்பெயர் என்பது அவ்வூரார் நம்பிக்கை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் நிலமும் இதுவே.

கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். பிள்ளைகளிடம் சொன்னால் வீட்டிலிருந்தே பதிவு செய்து தருவார்கள். இதய நோயும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பளி ஆடையும் அன்றாட மருந்துகளும் கைப்பையிலேயே இருக்கட்டும். முதல் நாள் அடிவாரத்தில் நிற்பவனையும் மறுநாள் மலைமேல் நிற்பவனையும் ஒரே யாத்திரையாக வணங்கி வருவதற்கு இரண்டு நாட்கள் போதும். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்க வேண்டியது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.