மெஷின்ஸ் பேப்பரை ஒதுக்காதீர்கள்

ட்ரிபிள்-இ மாணவர்கள் எலக்ட்ரிகல் மெஷின்ஸைப் பாஸானால் போதும் என்று தள்ளிவிடுவது தவறு என்பது என் கட்சி. சோலார் வந்தபின் சுழலும் ஜெனரேட்டர் எதற்கு என்கிறார்கள். ஒரு பெரிய மின் உற்பத்தி அலகு திடீரென டிரிப் ஆனால், மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று சரியாமல் முதல் சில விநாடிகள் பிடித்துவைப்பது மற்ற நிலையங்களின் கனத்த ரோட்டர்கள்தான். பேனலில் சுழல எதுவுமில்லை. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா முழுதும் இருண்டது. புயலில் கோபுரங்கள் சாய்ந்து, அண்டை மாநில இணைப்பும் அறுந்தபின், லோடைக் குறைக்கக்கூட அவகாசம் தராத வேகத்தில் அதிர்வெண் விழுந்தது. பிறகு அங்கே நிறுவியவை நான்கு சிங்க்ரனஸ் கண்டென்சர்கள், அதாவது நம் பாடத்திட்டத்தில் இருக்கும் அதே பழைய சுழலும் இயந்திரம்!

அதிர்வெண்ணைப் பிடித்துவைக்கும் அந்த வேலையைச் சோலாரின் இன்வெர்ட்டரே செய்துவிடாதா? செய்யும், செய்கிறது. ஆனால் ரோட்டரைப்போல நடந்துகொள்ள அதற்கு நிரல் எழுதுபவருக்கு ரோட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? கேம்பஸுக்கு ஐ.டி. கம்பெனிகள்தான் வருகின்றன என்பது நியாயமான புலம்பல். அதற்காக இந்தப் பாடம் காலாவதியாகிவிட்டது என்றாகாது.