சுவர் நிறைய ஒரு படம்

நம்ம கம்ப்யூட்டர் ரூம் மானிட்டரில் படத்தைப் பெரிசாக்கினால் பாதி வெளியே போயிடும். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1998-இல் சுவரையே மானிட்டர் ஆக்கினார்கள். திரை 18 அடி அகலம், 8 அடி உயரம். முதலில் 8 புரொஜெக்டர், பிறகு 24. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரண கம்ப்யூட்டர். அவற்றை ஒயரால் இணைத்து, ஆளுக்கு ஒரு துண்டு என்று வரையச் சொன்னார்கள்.

சினிமாப் படம் என்றால் அவசரமில்லை. 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி'யில் ஒரு நொடிக்கு 24 படம். அதில் ஒரு படத்தை வரையவே கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்கில் ஆனதாம். ஆனால் சுவர்த் திரையில் நாம் மவுசை நகர்த்தினால் படம் உடனே திரும்பணும்.

ஆளுக்கு ஒரு துண்டு, கேட்க சுலபம்தான். போன வருஷம் எங்க வகுப்பில் நான்கு சார்ட் ஒட்டித் தேர்த் திருவிழா வரைந்தோம். மேல் சார்ட்டில் வெறும் வானம். அவள் நீலம் தீட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். கீழே என் தோழிக்குத் தேர், வடம், கூட்டம், பலூன்காரர் எல்லாம். மணி அடிச்சும் முடியலை. அன்றிலிருந்து அவளுக்கு 'ஆமை' என்று பட்டப்பெயர். இப்போ எந்த ஓவியப் போட்டிக்கும் அவள் பெயர் கொடுப்பதில்லை.

கம்ப்யூட்டர்களுக்கும் இதே தொல்லை உண்டு. கடைசித் துண்டு முடியும்வரை மற்றவை காத்திருக்கணும். இல்லைன்னா ஒரு பக்கம் புதுப் படம், ஒரு பக்கம் பழைய படம் என்று கிழிந்தாற்போல் தெரியும். ஆனால் அங்கே யாரும் அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டுவதில்லை. எந்தத் துண்டில் எவ்வளவு பொருள் இருக்கு என்று எண்ணிப் பார்த்து, கோட்டை நகர்த்துகிறார்கள். கூட்டம் உள்ள துண்டு சின்னது, வானம் பெரிசு.

இன்னொரு வழியும் உண்டு. தாளைப் பிரிக்காமல் பொருளைப் பிரிப்பது. ஒன்று தேரை வரையும், ஒன்று மரத்தை வரையும். புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கு என்றும் குறிச்சுக்கும். கடைசியில் அடுக்கும்போது கிட்டத்தில் உள்ள புள்ளி மட்டும் நிற்கும். வேலை சமமாகும். ஆனால் முழுத் தாளையும் ஒயரில் அனுப்பணும், அதுதான் தாமதம்.

2012-இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 416 திரைகள் சேர்த்து ஓர் அறையையே சுற்றிக் கட்டிவிட்டார்கள்!

ஓவிய சாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷமும் பெரிய படம் வரைந்தால், தேருக்கு மட்டும் மூணு பேர் வேணும் சார். அதில் ஒருத்தியாக என் தோழி பெயரை நானே எழுதித் தருகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி